மூன்று சென்டில் வீடு: கிணறும் உறிஞ்சுகுழியும் முதலில்

மூன்று சென்ட் என்றால் சுமார் 1,307 சதுர அடி. மனை 30 அடிக்கு 43½ அடி என்றால், மூலைக்கு மூலை 53 அடி, அதாவது 16 மீட்டர்தான். குடிநீர்க் கிணற்றுக்கும், செப்டிக் டேங்க் கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் வேண்டும். வீட்டுக்கு வீடு கிணறு இருக்கும் குமரி மாவட்டத்தில் பெட்ரூம் எங்கே என்று யோசிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட வேண்டும். டேப்போடு போய் மதிலுக்கு அப்பால் உள்ள கிணறுகளையும் அளந்து குறியுங்கள். பக்கத்து வீட்டுக் கிணறு பத்தடியில் இருந்தால், உங்கள் குழிக்கு அங்கே இடமில்லை.

தனித்தனியாக மூன்று சென்ட் வாங்குவதைவிட, நாலு குடும்பம் சேர்ந்து 12 சென்ட் விளை (தோட்ட நிலம்) வாங்குவது மேல். மேட்டில் ஒரு பொதுக்கிணறு, பள்ளத்தில் குழிகள். கிணற்றிலும் பாதையிலும் ஒவ்வொருவருக்கும் உள்ள பங்கைப் பத்திரத்தில் எழுதுங்கள். வாய்ப்பேச்சு அடுத்த தலைமுறையில் வழக்காகிவிடும். பாதையின் அகலத்தை அடிக்கணக்கில் எழுதுங்கள். வெறும் 'நடைவழி' என்றிருந்தால் மணல் வண்டி தெருமுனையோடு நின்றுவிடும், சுமைகூலி வேறு. மனையைப் பிரிக்க முறையான அனுமதி பெறுங்கள்: அனுமதியில்லா மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் 20.10.2016 வரை பதிவான மனைகளுக்கே.

விலை மலிவென்று நிரப்பிய வயலை வாங்கினால், வானத்தை (அஸ்திவாரக் குழியை), கொட்டிய மண்ணோடு நிறுத்தாமல் அடியிலுள்ள கெட்டி மண் வரை இறக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு மூலை இறங்கி, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். பூசி மறைத்தாலும் அடுத்த மழையில் திரும்ப வரும்.

செப்டிக் டேங்க் ஐந்து பேருக்கு உள்ளளவில் 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீராழம், மேலே 30 செ.மீ. காற்றிடம். அடித்தளமில்லாமல் உறை இறக்கிவிட்டு அதையே 'டேங்க்' என்பவர்கள் உண்டு. இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழை. நீர்மட்டம் ஏறும்போது அந்தக் குழி நிரம்பி, கழிவுநீர் கக்கூஸ் வழியாக எதிர்த்து மேலே வரும்.

அனுமதிக்கு அலைச்சல் குறைவு. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ தரையும் முதல் தளமுமோ கட்டினால், விதிப்படி கட்டுவதாக நீங்களே உறுதி தரும், 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம்.

கிராமத்துக் குடிசைவாசிகளுக்கான கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. சறுக்குவது அஸ்திவாரத்தில்தான்: 'பிறகு பெரிதாக்கலாம்' என்று 600 சதுர அடிக்குப் போடுவார்கள், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட்) மட்டத்தில் பணம் தீரும். 360க்கே போட்டு முடியுங்கள். மாடிப்படிக்கு வெளியே நாலடி விட்டால் போதும்.