கரிம வேதியியலை உருப்போடாமல் படிப்பது எப்படி? முதலாமாண்டு மாணவர்களுக்கு, படிப்படியாக

பி.எஸ்சி. முதலாமாண்டில் நான் செய்த காரியம் இது. நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, இடது பக்கம் வினைபடுபொருள், வலது பக்கம் விளைபொருள், நடுவில் ஒரு அம்பு என்று பாடத்தில் இருந்த வினைகளை எல்லாம் எழுதி, விடுதி மொட்டை மாடியில் நடந்துகொண்டே உருப்போட்டேன். முதல் இன்டர்னலில் எத்தில் புரோமைடுக்குப் பதில் பியூட்டைல் புரோமைடைக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான், கை நின்றுவிட்டது. இரண்டும் ஒரே வினைதான் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு படிக்கும் முறையை மாற்றினேன். வினைகளை விட்டுவிட்டு எலக்ட்ரான்களைப் பின்தொடர ஆரம்பித்தேன். கீழே இருப்பது அந்த வரிசைதான். ஒரு படி கைக்கு வராமல் அடுத்ததற்குத் தாவ வேண்டாம்.

படி 1: மறைந்திருப்பதை வரையுங்கள்

கோட்டு வரைபடத்தில் ஒவ்வொரு முனையும் மூலையும் ஒரு கார்பன், அதில் ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன்களை யாரும் எழுத மாட்டார்கள். ஆக்சிஜன், நைட்ரஜன், புரோமின் மேல் இருக்கும் தனித்த எலக்ட்ரான் ஜோடிகளையும் எழுத மாட்டார்கள். புத்தகம் எழுதாது, நீங்கள் எழுதுங்கள். முதல் ஒரு மாதம் எல்லாப் புள்ளிகளையும் வைத்தே ஆக வேண்டும்.

கூடவே மின்சுமையைக் கணக்கிடப் பழகுங்கள். அணுவின் இணைதிற எலக்ட்ரான்களில் (வெளிக்கூட்டில் இருப்பவை) இருந்து அதன் மேல் தனியாக இருக்கும் எலக்ட்ரான்களையும், அதற்குள்ள பிணைப்புகளின் எண்ணிக்கையையும் கழித்தால் போதும். ஹைட்ராக்சைடில் உள்ள ஆக்சிஜனுக்கு 6, கழித்தல் 6, கழித்தல் 1. விடை எதிர்க்குறி ஒன்று. அதே ஆக்சிஜனுக்கு மூன்று பிணைப்பு இருந்தால் 6, கழித்தல் 2, கழித்தல் 3. இப்போது நேர்க்குறி ஒன்று.

படி 2: யாரிடம் இருக்கிறது, யாருக்கு வேண்டும்

எந்த வினையைப் பார்த்தாலும் முதலில் இதைக் கேளுங்கள். எலக்ட்ரான் மிகுதியாக இருக்கும் இடம் எது? குறைவாக இருக்கும் இடம் எது? முன்னது நியூக்ளியோஃபைல், பின்னது எலக்ட்ரோஃபைல். பள்ளியில் கருக்கவர் பொருள், எலக்ட்ரான் கவர் பொருள் என்று படித்தீர்களே, அவைதான். கார்பன்-புரோமின் பிணைப்பில் புரோமின் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் கார்பன் பற்றாக்குறையில் இருக்கிறது. பியூட்டைலோ எத்திலோ, அந்தக் கார்பனின் கதை ஒன்றுதான். என் இன்டர்னல் கேள்விக்கு இவ்வளவு தெரிந்திருந்தால் போதும்.

படி 3: வளைந்த அம்பு

1922-இல் ராபர்ட் ராபின்சன் பயன்படுத்திய வளைந்த அம்புதான் இன்றுவரை நம் பாடத்தின் மொழி. அம்பின் வால் எலக்ட்ரான் இருக்கும் இடத்தில், தலை அது போய்ச் சேரும் இடத்தில். எலக்ட்ரானே இல்லாத ஹைட்ரஜன் அயனியில் இருந்து அம்பு கிளம்பவே முடியாது. நான் அப்படித்தான் போட்டேன், பேராசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டு 'எதை நகர்த்துகிறாய்?' என்று மட்டும் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி.

படி 4: ஒரே வினையை முழுசாகச் செய்யுங்கள்

மெத்தில் புரோமைடையும் ஹைட்ராக்சைடையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனின் ஒரு தனித்த ஜோடியில் இருந்து கார்பனுக்கு முதல் அம்பு. அதோடு நிறுத்தினால் கார்பனுக்கு ஐந்து பிணைப்பு ஆகிவிடும், அது நடக்காது, அதனால் கார்பன்-புரோமின் பிணைப்பில் இருந்து புரோமினுக்கு இரண்டாவது அம்பு. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஹைட்ராக்சைடு வருவது புரோமினுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்து, அதனால் மற்ற மூன்று பிணைப்புகளும் பெருங்காற்றில் குடை திரும்பிக்கொள்வது போல மறுபக்கம் திரும்பும். குடை எல்லா வகுப்பிலும் சொல்லும் உதாரணம்தான், ஆனாலும் அதைவிடப் பொருத்தமானது எனக்குக் கிடைக்கவில்லை. வேகம் இருவரின் செறிவையும் பொறுத்தது. பெயர் எஸ்என்2, அதாவது நியூக்ளியோஃபைல் வந்து மற்றொன்றின் இடத்தைப் பிடிக்கும் வினை, 2 என்பது வேகத்தை முடிவு செய்வதில் இருவருக்குப் பங்கு என்பதற்கு.

இப்போது டெர்ஷியரி பியூட்டைல் புரோமைடைத் தண்ணீரில் போடுங்கள். புரோமினைத் தாங்கும் கார்பனைச் சுற்றி மூன்று மெத்தில் தொகுதிகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன, பின்பக்கம் நுழைய வழியில்லை. அதனால் புரோமின் முதலில் பிரிந்து போகிறது, கார்பன் நேர் அயனி நிற்கிறது, அப்புறம்தான் தண்ணீர் வந்து சேர்கிறது. வேகத்தை முடிவு செய்வது அந்த முதல் பிரிவு மட்டும், அதில் பங்கு ஒருவருக்கே, அதனால் பெயர் எஸ்என்1. லேபில் ஆல்கஹாலில் கரைத்த சில்வர் நைட்ரேட்டைச் சேர்த்துப் பாருங்கள், டெர்ஷியரி உடனே வீழ்படிவு தரும், பிரைமரி, அதாவது புரோமினைத் தாங்கும் கார்பனில் ஒரே ஒரு கார்பன் மட்டும் ஒட்டியிருப்பது, உங்களைக் காக்க வைக்கும்.

இந்த இரண்டையும் பார்க்காமல் வரைய வந்துவிட்டால் முதல் பருவத்தின் பெரும்பகுதி எளிதாகிவிடும் என்பது என் கணக்கு.

படி 5: கையில் பிடித்துப் பாருங்கள்

மாடல் கிட் வாங்கக் காசில்லையென்றால் ஊறவைத்த கொண்டைக்கடலையும் ஈர்க்குச்சியும் போதும். ஒரு கடலையில் நான்கு குச்சிகள், இடையே சுமார் 109.5 பாகைக் கோணம் வருமாறு. நான்கு முனையிலும் நான்கு வேறு நிற மணிகள். அதன் கண்ணாடி பிம்பத்தையும் செய்து இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று பொருத்தப் பாருங்கள், பொருந்தாது. இந்த வித்தியாசம் மூக்குக்கும் தெரியும். கார்வோன் என்ற மணப்பொருளின் ஒரு வடிவம் ஸ்பியர்மின்ட் என்ற புதினா வகை போல மணக்கும், அதன் பிம்பம் கேரவே விதை மணக்கும்.

படி 6: ஐந்தாறு பிகேஏ எண்கள்

பிகேஏ என்பது ஒரு அமிலம் எவ்வளவு வலுவானது என்று சொல்லும் எண், எண் சிறியதானால் அமிலம் வலுவானது. இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், வேறு வழியில்லை. அசிட்டிக் அமிலம் 4.76, கார்பானிக் அமிலம் சுமார் 6.4, ஃபீனால் 10, தண்ணீர் 15.7, எத்தனால் 16, அசிட்டிலீன் 25. எண் ஒன்று கூடினால் அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகும். சமநிலை எப்போதும் பெரிய எண் உள்ள, வலுக் குறைந்த அமிலத்தின் பக்கம் சாயும். ஆப்ப சோடாவில் வினிகர் ஊற்றினால் பொங்குகிறது, ஏனென்றால் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தின் 4.76 சிறியது, அங்கே உண்டாகும் கார்பானிக் அமிலத்தின் 6.4 பெரியது. ஃபீனால் ஏன் அதே சோடாவில் பொங்குவதில்லை, ஆனால் சோடியம் ஹைட்ராக்சைடில் ஏன் கரைகிறது? எண்களை வைத்து நீங்களே சொல்லிவிடலாம்.

படி 7: வெள்ளைத்தாள்

தினமும் ஒரு மணி நேரம், ஒரு பக்கம் அச்சான பழைய தாள்களின் பின்பக்கத்தில். புத்தகத்தை மூடிவிட்டு நேற்றுப் படித்த வினையை அம்புகளோடு வரையுங்கள், எங்கே நின்றதோ அங்கே மட்டும் புத்தகத்தைத் திறங்கள். வாசித்தால் எல்லாம் புரிந்த மாதிரியேதான் இருக்கும், அதை நம்பாதீர்கள். வாரக் கடைசியில் பாடங்களைக் கலந்து போடுங்கள், தேர்வில் எந்தக் கேள்வி எந்த யூனிட் என்று யாரும் தலைப்புப் போட்டுத் தருவதில்லை.

சரி, இன்றே ஒன்று செய்து பாருங்கள். எத்தில் புரோமைடு, சோடியம் சயனைடு. தாளில் மட்டும்தான், லேபில் சயனைடு கேட்காதீர்கள். சயனைடில் கார்பன் முனைதான் தாக்கும். இரண்டு அம்பு போட்டு, விளைபொருளில் எத்தனை கார்பன் என்று எண்ணுங்கள். இரண்டு என்று வந்தால் எங்கோ ஒன்றை மறந்திருக்கிறீர்கள், படி 1-க்குப் போங்கள்.