படகு கார்ப்பெட்டில் உப்பும் பூஞ்சையும் போக

சின்னப் படகின் பழைய கார்ப்பெட்டில் அழுக்கைவிட உப்புதான் பெரிய தொல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் சென்னையில் கார்ப்பெட் லேசில் காயாது, நாற்றமும் பூஞ்சையும் அதனால்தான். முதலில் மணலை வாக்யூம் கிளீனரால் உறிஞ்சிவிட்டு, அப்புறம் படகைப் பின்பக்கம் சாய்த்து, தண்ணீர் வடியும் துளையின் மூடியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் தாராளமாக அலசுங்கள். சோப்புத்தூள் கொஞ்சம் கரைத்து பிரஷ்ஷால் தேயுங்கள். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், இழை பிய்ந்துவிடும். பூஞ்சைக் கறைக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு. அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். நுரை போக அலசி, வெயிலில் முழுசாகக் காயவிடுங்கள், ஈரத்தோடு தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். அக்டோபர் மழைக்கு முன்பே முடிப்பது நல்லது. மிதித்தால் அடிப்பலகை அமுங்குகிறதா? சரி, அப்படியானால் கழுவிப் பயனில்லை, கார்ப்பெட்டை உரித்துப் பலகையைப் பாருங்கள்.