நீண்ட ஓட்டத்துக்கு அப்புறம் கெண்டைக்காலை நீவிவிடுவது எப்படி

ஞாயிற்றுக்கிழமை 18 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தால் அன்றைக்கு அவ்வளவாகத் தெரியாது, திங்கட்கிழமை மாடிப்படி இறங்கும்போதுதான் கை தானாகக் கைப்பிடியைத் தேடும். லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, அதை மசாஜ் செய்து வெளியேற்ற வேண்டும் என்று ஓடுகிறவர்கள் பலரும் சொல்வார்கள். அது சரியில்லை. ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரம் போல ஆனாலே அந்த அமிலம் பழைய அளவுக்கு இறங்கிவிடும். பழக்கமில்லாத உழைப்பில் தசை இழைகள் நுண்ணிய அளவில் சிதைவதாலும் அதைச் சரிசெய்ய உடம்பு எடுக்கும் முயற்சியாலும்தான் அந்த வலி வருகிறது, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தானாக அடங்கும்.

சரி, மசாஜ் எதற்கு? வலியைக் கொஞ்சம் குறைக்கும், விறைப்பைத் தளர்த்தும். வேகத்தைக் கூட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். என்னைக் கேட்டால் பெரிய பலன் மனசுக்குத்தான்: ஒரே சீராக மெதுவாக நீவ நீவ மூச்சு நிதானமாகிறது, ஓட்டத்தின் படபடப்பு இறங்குகிறது, அன்றைக்கு இரவு தூக்கமும் நன்றாக வருகிறது. கேரளத்துக் களரிகளில், அதாவது தற்காப்புக்கலை கற்றுத்தரும் கூடங்களில், எண்ணெய் தேய்த்து உழிச்சில் என்கிற மசாஜ் செய்வதைப் பயிற்சியோடு சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.

குளித்து, சாப்பிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் போகட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு காலை மடக்கி, பாதத்தைத் தரையில் வையுங்கள். கெண்டைக்கால் தொங்கலாக, தளர்வாக இருக்க வேண்டும். வெதுவெதுப்பான நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன் போதும், நிறைய ஊற்றினால் வழுக்கிக்கொண்டே போகும், பிடி கிடைக்காது. முதல் இரண்டு நிமிடம் இரண்டு உள்ளங்கையாலும் கணுக்காலில் தொடங்கி முழங்கால் வரை நீவுங்கள். எப்போதும் கீழிருந்து மேலே, அதாவது இதயத்தை நோக்கி. அழுத்தம் மேலே போகும்போது மட்டும், கீழே வரும்போது கை சும்மா தொட்டுக்கொண்டு வந்தால் போதும். தசை சூடானதும், சப்பாத்தி மாவு பிசைவது மாதிரி சதையை எலும்பிலிருந்து லேசாகத் தூக்கி மூன்று நிமிடம் பிசையுங்கள். எங்கேயாவது கட்டியாகத் தட்டுப்பட்டால் அங்கே கட்டைவிரலை வைத்து, மூச்சை மெதுவாக விட்டபடி 20 முதல் 30 வினாடி அழுத்தி விடுங்கள். கடைசியில் மறுபடி நீவி முடியுங்கள். ஒரு காலுக்கு ஏழெட்டு நிமிடம். முழங்காலின் பின்குழியை அழுத்தவே கூடாது, ரத்தக்குழாயும் நரம்பும் அங்கே மேலாகவே ஓடுகின்றன.

அழுத்தம் எவ்வளவு என்பதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். வலித்தால்தான் வேலை செய்கிறது என்று நம்பி, ஒருமுறை ஒருவரிடம் முழங்கையால் அழுத்தச் சொல்லிப் படுத்தேன். கெண்டைக்கால் கன்றிப்போய் ஒரு வாரம் ஓட முடியவில்லை. பத்துக்கு ஐந்து ஆறு என்று சொல்லக்கூடிய, இதமான வலி போதும். பல்லைக் கடிக்க வேண்டியிருந்தால் தசை எதிர்த்து இன்னும் இறுகிக்கொள்ளும்.

இனி, கையே வைக்கக் கூடாத நேரங்கள். சுளுக்கோ தசைக்கிழிவோ ஏற்பட்டு இரண்டு மூன்று நாள் ஆகாதபோது, காய்ச்சலின்போது, தோலில் புண் இருக்கும்போது வேண்டாம். நரம்புச்சுருட்டல் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் தயவுசெய்து தேய்க்காதீர்கள். ஆழத்தில் உள்ள ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடக்கூடும். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

பந்தயத்துக்கு முன்னால் ஆழமாக அழுத்த வேண்டுமென்றால் மூன்று நாளுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள், முந்தின நாள் செய்தால் கால் கனத்துப்போகும். பந்தய நாள் காலையில் எண்ணெய் இல்லாமல், உள்ளங்கையால் ஐந்து நிமிடம் லேசாகவும் வேகமாகவும் தேய்த்துவிட்டுக் கிளம்பலாம்.