பாப்டிஸ்ட் வரலாறு, வேத ஆலோசனை: நாம் சறுக்கும் இடங்கள்

விசுவாசித்தவருக்கே, அதுவும் தண்ணீரில் முழுக்கி, ஞானஸ்நானம் கொடுக்கும் கிறிஸ்தவப் பிரிவினர் பாப்டிஸ்டுகள். அவர்களின் கதையை யோவான்ஸ்நானனிலிருந்து தொடங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அவர் "ஜான் த பாப்டிஸ்ட்", பெயர்ப் பொருத்தம் அப்படி. ஆதாரத்தோடு சொல்லக்கூடிய தொடக்கம் 1609, ஆம்ஸ்டர்டாம். இங்கிலாந்திலிருந்து தப்பி வந்த சிறு கூட்டத்தின் தலைவர் ஜான் ஸ்மித், தமக்குத் தாமே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார். அதுவும் தண்ணீரை ஊற்றி! ஆங்கில பாப்டிஸ்டுகளிடம் முழுக்கு வழக்கமானது 1640களில்தான். அப்படியானால் அன்றைய சண்டை எதைப் பற்றி? யாருக்கு ஞானஸ்நானம் என்பதைப் பற்றி. தானாக விசுவாசித்து, தன் வாயால் அறிக்கை செய்தவருக்கே அது என்றார்கள்.

ஸ்மித்தோடு இருந்த தாமஸ் ஹெல்விஸ் நாடு திரும்பினார். மனிதரின் ஆத்துமாவின் மேல் அரசனுக்கு அதிகாரம் இல்லை என்று 1612இல் எழுதினார். யூதருக்கும் இஸ்லாமியருக்கும்கூட மனச்சாட்சிச் சுதந்திரம் கேட்டார். நியூகேட் சிறையில் தள்ளினார்கள். சில ஆண்டுகளில் இறந்துபோனார். எல்லா பாப்டிஸ்டுகளும் கால்வினிஸ்டுகள் (தேவன் தெரிந்துகொண்டவர்களுக்காகவே கிறிஸ்து மரித்தார் என்பவர்கள்) என்று நினைப்பவர்களுக்கும் இவரே பதில்: கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்று நம்பியவர் அவர். கால்வினிஸ்ட் பாப்டிஸ்டுகள் அதற்குப் பிறகு வந்தவர்கள்.

சரி, விசுவாசத்தை யார் மேலும் திணிக்கக் கூடாது என்று சிறைக்குப் போனவர்களின் வழியில் வந்த நாம், மனக்கஷ்டத்தோடு வருபவர்களுக்கு வேதத்தைக் கொண்டு வழிகாட்டும் ஆலோசனை அறையில் என்ன செய்கிறோம்? மனச்சோர்வோடு வருபவரிடம் முதல் ஐந்து நிமிடத்திலேயே "விசுவாசம் போதவில்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இதுதான் என் பார்வையில் மிகப் பெரிய தவறு. புகழ்பெற்ற ஆங்கில பாப்டிஸ்ட் பிரசங்கியார் ஸ்பர்ஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 1856 அக்டோபர் 19, லண்டனில் ஓர் இசை அரங்கம். அவர் ஆராதனை நடத்திக்கொண்டிருக்கையில் யாரோ "தீ" என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு 22 வயது. அந்த அடி மனதைவிட்டுப் போகவே இல்லை. மனச்சோர்வு பலமுறை திரும்பி வந்தது, அதைத் தம் மாணவர்களிடம் மறைக்காமல் பேசினார். அவருக்கா விசுவாசம் போதவில்லை?

வேதத்தில் எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டவருக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி பிறகுதான் வந்தது.

மருந்தை நிறுத்தச் சொல்வது அடுத்த தவறு. அது மருத்துவரின் வேலை. தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம்தான் சொன்னார், "இன்னும் ஜெபி" என்று சொல்லி விட்டுவிடவில்லை. அப்புறம், வீட்டில் அடிபடும் பெண்ணிடம் "பொறுத்துக்கொள்ளம்மா" என்பது ஆலோசனையே அல்ல. முதலில் அவரைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்புங்கள்.

நம் சபைகளுக்கே உரிய ஒன்று உண்டு: ஜெபக்குறிப்பு. நம்பிச் சொன்ன ரகசியம் புதன்கிழமை கூட்டத்தில் "ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள்" என்று வெளியே வரும். பெயர் சொல்லவில்லைதான். ஆனால் ஐம்பது பேர் உள்ள சபையில் எந்தச் சகோதரி என்று தெரியாதா?