ஹார்ட்டாப்பைக் காரேஜ் கூரையில் ஏற்றி வைப்பது எப்படி?

அமெரிக்காவில் மியாட்டா என்று அழைக்கப்படும் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் இரண்டு தலைமுறைகளுக்கு, அதாவது 2005 வரை வந்த வண்டிகளுக்கு, கழற்றி மாட்டக்கூடிய ஹார்ட்டாப்பை, அதாவது திறந்த காரின் மேல் பொருத்தும் கெட்டியான மேல்மூடியை, நிறுவனமே விற்றது. அதன் எடை ஏறத்தாழ 20 கிலோதான். ஆனால் பின்கண்ணாடியோடு சேர்ந்த வளைந்த பொருள் என்பதால், கோடை முழுவதும் சுவரில் சாய்த்து வைத்தால் ரப்பர் ஓரங்கள் நசுங்கி, மறுபடி மாட்டும்போது மழைநீர் கசியும். பழைய ஹார்ட்டாப் கிடைப்பதே அரிதாகி விலையும் ஏறிவிட்டதால், இருப்பதைப் பத்திரமாகக் கூரையில் ஏற்றி வைப்பதே நல்லது. கீழே சொல்லியிருப்பது, கப்பிகளில் ஓடும் கயிறுகளைக் கொண்டு இந்த எடையைத் தூக்கித் தொங்கவிடுவதற்கான ஏற்பாடு. நான்கு கதவு ஜீப் ராங்ளரின் ஹார்ட்டாப் 60 கிலோவைத் தாண்டுவதால் அதற்கு இது போதாது.

முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள். காரேஜ் கதவு திறக்கும்போது கூரையை ஒட்டிப் படுத்துக்கொள்ளும் பகுதியில் எதையும் தொங்கவிட முடியாது. ஏழடிக் கதவு என்றால் முன்பக்கம் ஏழடிக்கும் மேல் போய்விடும். அதற்கு அப்பால் இடம் பார்த்து, ஹார்ட்டாப் நேர் கீழே வரும்படி வண்டியை நிறுத்தி, முன்சக்கரம் நிற்கும் இடத்தில் தரையில் ஒரு வண்ண டேப்பை ஒட்டுங்கள். இனி ஒவ்வொரு முறையும் அந்த டேப்பில்தான் சக்கரம் நிற்க வேண்டும்.

அடுத்தது உத்தரங்களைக் கண்டுபிடிப்பது. அவசரப்படக் கூடாத வேலை இதுதான். கூரைக்கு அடித்திருக்கும் ட்ரைவால் என்ற ஜிப்சம் பலகை எந்தச் சுமையையும் தாங்காது. அதற்கு மேலே வழக்கமாக 16 அல்லது 24 அங்குல இடைவெளியில் ஓடும் மர உத்தரங்களே தாங்கும். பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும் மரத்தைக் கண்டறியும் ஸ்டட் ஃபைண்டர் கருவி காட்டும் இடத்தில் மெல்லிய ஆணி ஒன்றை அடித்துப் பாருங்கள். அரை அங்குலம் சட்டென்று இறங்கி, பிறகு மரத்தைக் கடித்து நின்றால் சரி. தொடர்ந்து வழுக்கிக்கொண்டு போனால் அங்கே வெற்றிடம். உத்தரத்தின் இரு ஓரங்களையும் இப்படிக் கண்டறிந்து நடுக்கோட்டைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். உங்கள் கூரை தொழிற்சாலையில் செய்த முக்கோணச் சட்டங்களால் ஆனது என்றால், அவற்றின் அடிக்கட்டைகள் பெரும்பாலும் பொருள்களைத் தொங்கவிடுவதற்காகக் கணக்கிடப்பட்டவை அல்ல. மேலே ஏற்கெனவே பெட்டிகள் அடுக்கியிருந்தால் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கப்பிகளை நேரே உத்தரத்தில் திருகாமல், குறைந்தது மூன்று உத்தரங்களுக்குக் குறுக்கே போகும்படி இரண்டு மரப்பலகைகளைத் தடித்த திருகாணிகளால் பொருத்தி, அவற்றில் கப்பிகளை மாட்டுவது என் வழக்கம். சுமை பரவும், கப்பியை வேண்டிய இடத்தில் வைக்கவும் முடியும். திருகாணிக்கு முன்கூட்டியே சிறு துளை போடாவிட்டால் மரம் பிளந்துவிடும். கயிறு ஒருபுறம் சுமையையும் மறுபுறம் இழுப்பையும் தாங்குவதால் கப்பியின் மேல் விழும் விசை சுமையின் இரு மடங்கை நெருங்கும். ஆகவே எல்லாப் பாகங்களும் 60 கிலோவாவது தாங்குபவையாக இருக்கட்டும். கயிறுகளைச் சுற்றும் வின்ச், கைப்பிடியை விட்டாலும் தானே நின்றுவிடும் பிரேக் உள்ளதாக இருக்க வேண்டும்.

இனி ஏற்றலாம். முதல் முறை இருவர் இருப்பது அவசியம். கதவுக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பின்கண்ணாடியின் பனிநீக்கிக்குச் செல்லும் மின்இணைப்பை முதல் வேலையாகக் கழற்றுங்கள். ஒருமுறை இதை மறந்து தூக்கியபோது வயர் விறைத்து இணைப்பின் பிளாஸ்டிக் காது உடைந்தது. அதன்பின் இணைப்பைக் கையால் தொட்டுப் பார்க்காமல் ஹார்ட்டாப்பை வண்டியோடு பிணைக்கும் கொக்கிகளை நான் தொடுவதில்லை. பிறகு முன்னாலும் பக்கங்களிலும் பின்னாலும் உள்ள கொக்கிகளை விடுவித்து, ஒருவர் ஓரத்தை இலேசாகத் தூக்க, மற்றவர் அகலமான நைலான் பட்டைகளை முன்விளிம்பின் கீழும் பின்விளிம்பின் கீழும் நுழைத்து, கப்பிக் கயிறுகளோடு இணைக்க வேண்டும். பட்டை படும் இடங்களில் குழாய்க்குப் போடும் நுரை உறையை வைத்தால் வண்ணமும் ரப்பரும் தப்பும். கொக்கிகளில் மட்டும் கயிற்றைக் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

முதலில் ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் ஏற்றி நிறுத்துங்கள். கண்ணாடி இருப்பதால் பின்பக்கம் தாழும். கீழே இறக்கி, பின்பட்டைகளின் நீளத்தைக் குறைத்து மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டும். எனக்கு மூன்று முறை ஆயிற்று. மட்டமாக நின்ற பிறகு, வண்டியை விட்டு முழுதாக விலகும் உயரத்துக்குத் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்துக் கையால் தள்ளி வண்டியை வெளியே எடுத்துவிட்டு, அதன் பின்னரே மேலே வரை ஏற்றுங்கள். ஏறும்போது யாரும் அதன் அடியில் நிற்கக் கூடாது.

மேலே போனதும் வின்ச்சை நம்பி விட்டுவிடாமல், பலகையில் தனியாகத் திருகிய வளையங்களிலிருந்து நான்கு மூலைகளிலும் சங்கிலிகளைப் பட்டைகளோடு மாட்டி, கயிறு சற்றுத் தளரும்வரை இறக்கிச் சுமையைச் சங்கிலிகளுக்கு மாற்றிவிடுங்கள். ரப்பர் ஓரங்களில் சிலிக்கான் கிரீஸை மெல்லப் பூசி, காற்றோட்டமுள்ள பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் விரிப்பு ஈரத்தை உள்ளேயே தேக்கும். மாதம் ஒருமுறை ஏணி வைத்து ஏறி, பலகைத் திருகாணிகளின் தலைக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.