முன்சக்கரம் நழுவுகிறதா? புது ஸ்டெம் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

வளைவில் மவுன்டன் பைக்கின் முன்சக்கரம் ஒருமுறை நழுவிவிட்டால் போதும், பலரும் புது ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கின் குழாயோடு இணைக்கும் துண்டு), புது டயர் என்று தேடக் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் குறை அங்கே இருக்காது. பயத்தில் உடம்பு பின்னால் போகிறது. பாரம் குறைந்த முன்சக்கரம் பிடிமானத்தை இழக்கிறது. பயம் இன்னும் கூடுகிறது. முன்பக்கம் தானாகவே பாரம் ஏற்கும்படி வண்டியை அமைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கீழே வரும் அளவுகள் 150 மி.மீ. டிராவல் (அமுங்கும் தூரம்) உள்ள ஏர் ஃபோர்க் (காற்றை ஸ்பிரிங்காகக் கொண்ட முன் கவட்டை), 2.4 அங்குல டியூப்லெஸ் டயர், ஓட்டுபவர் எடை சுமார் 75 கிலோ என்ற கணக்கில் சொல்லப்பட்டவை.

முதலில் ஹெட்செட், அதாவது ஃபோர்க் ஃபிரேமுக்குள் திரும்ப உதவும் பேரிங். ஹேண்டில்பாரை 90 டிகிரி திருப்பி, முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஃபோர்க்கும் ஃபிரேமும் சேரும் இடுக்கில் விரல் இருக்கட்டும். அங்கே அசைவு தட்டுப்பட்டால் வேறு எதையும் தொடாதீர்கள், முதலில் அதை இறுக்குங்கள். சக்கரத்தைத் திருப்பாமல் ஆட்டினால் பிரேக் பேடின் சிறு ஆட்டம்கூட ஹெட்செட் ஆட்டம் போலத் தெரியும்.

டயர் காற்று முன்னால் 23 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு), பின்னால் 25 அல்லது 26. அங்கிருந்து ஒவ்வொரு பிஎஸ்ஐயாக மாற்றிப் பாருங்கள். அதிகமானால் சின்னக் கல்லுக்குக்கூட டயர் துள்ளும். குறைந்தால் வளைவில் டயர் மடிந்து ஹேண்டில்பார் கொழகொழவென்று இருக்கும், ரிம்மும் கல்லில் அடிபடும். ஒரே கேஜில் (காற்றழுத்த மானியில்) மட்டும் அளந்து பாருங்கள். இரண்டு கேஜ் ஒரே எண்ணைக் காட்டுவது அபூர்வம்.

அடுத்தது ஃபோர்க், நேரம் எடுக்கும் வேலை இதுதான். தண்ணீர்ப் பை, ஹெல்மெட் உட்பட வழக்கமாகச் சுமப்பதை எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். கம்ப்ரெஷனை (ஃபோர்க் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு) முழுக்கத் திறந்து, ஃபோர்க்கை நாலைந்து தடவை ஆழமாக அமுக்கி விடுங்கள். உள்ளே இரண்டு அறைகளிலும் காற்று சமமாக வேண்டும். பெடலில் நின்று, ஓட்டும்போது நிற்கும் அதே நிலையில் இருங்கள். ஃபோர்க் குழாயில் உள்ள ரப்பர் வளையத்தை இன்னொருவர் கீழே தள்ளிவிடட்டும். ஃபோர்க் மேலும் அமுங்காதபடி மெதுவாக இறங்கி அளந்தால் 30 மி.மீ., அதாவது டிராவலில் 20 சதவீதம் இருக்க வேண்டும். சேக், அதாவது உங்கள் பாரத்தில் ஃபோர்க் அமுங்கும் அளவு, என்பது இதுதான். சேணத்தில் உட்கார்ந்தே அளந்தால் பாரம் பின்னால் போய்விடும். சேக் குறைவாகக் காட்டும், அதைப் பார்த்து காற்றைக் குறைத்துவிடுவீர்கள்.

ரீபவுண்டை (அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு) முழுக்க மூடி, திறந்துகொண்டே கிளிக்குகளை எண்ணுங்கள். நடுவில் தொடங்கலாம். ரொம்ப மெதுவாக இருந்தால் அடுத்தடுத்த மேடுகளில் ஃபோர்க் எழும்ப நேரமில்லாமல் அடியிலேயே தங்கிவிடும். பாதை போகப்போக முன்பக்கம் தாழும், கை மரத்துப்போகும். ரொம்ப வேகமானால் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். காற்றைக் கூட்டினால் ரீபவுண்டையும் கொஞ்சம் மெதுவாக்க வேண்டும். இதை மறந்துவிட்டு ஃபோர்க்கைக் குறை சொல்பவர்கள் நிறைய.

சேக் சரியாக இருந்தும் பிரேக் போட்டதும் முன்பக்கம் குப்புறப் பாய்கிறதா? காற்றைக் கூட்டாதீர்கள், லோ ஸ்பீட் கம்ப்ரெஷனை (மெதுவாக அமுங்குவதைக் கட்டுப்படுத்தும் திருகு) இரண்டு கிளிக் மூடுங்கள். பெரிய குதிப்பில் மட்டும் ஃபோர்க் அடிதட்டினால் உள்ளே ஒரு வால்யூம் ஸ்பேசர் (காற்றறையின் இடத்தைக் குறைக்கும் துண்டு) சேருங்கள். அது கடைசிப் பகுதியைத்தான் இறுக்கும், ஆரம்பத்தின் மென்மை அப்படியே இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சமதளமான வளைவில் முன்சக்கரம் நழுவினால், ஸ்டெம்மின் அடியில் உள்ள ஸ்பேசரில் (வளையங்களில்) 5 மி.மீ. எடுத்து ஸ்டெம்முக்கு மேலே போடுங்கள். செங்குத்தான இறக்கத்தில் தலைகுப்புற விழுவது போலிருந்தால் நேர் எதிராகச் செய்யுங்கள். ஹெட் ஆங்கிள் (ஃபோர்க்கின் குழாய் தரையோடு செய்யும் சாய்வுக் கோணம்) 65 டிகிரி என்றால், 10 மி.மீ. ஸ்பேசரை அடியிலிருந்து மேலே மாற்றும்போது ஹேண்டில்பார் சுமார் 9 மி.மீ. இறங்குவதோடு 4 மி.மீ. முன்னாலும் போகும்.

வண்டியை ஸ்டாண்டில் தொங்கவிட்டு இதைச் செய்தால் ஃபோர்க் நழுவிக் கீழே விழும். சக்கரம் தரையில் இருக்கட்டும். மேல் மூடியின் போல்ட்டைக் கழற்றி, ஸ்டெம்மின் பக்க போல்ட்டுகளைத் தளர்த்தி, ஸ்பேசரை மாற்றுங்கள். ஸ்டீரர் குழாயின் (ஸ்டெம் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் மேல் குழாய்) விளிம்பு மேல் ஸ்பேசரை விட 2, 3 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடி குழாயில் முட்டி நின்றுவிடும், ஆட்டம் போகாது. ஆட்டம் நிற்கும் வரை மட்டும் மூடியை இறுக்கி, ஸ்டெம்மைச் சக்கரத்துக்கு நேராக்கி, பிறகு பக்க போல்ட்டுகளை மாற்றி மாற்றி, ஸ்டெம்மில் எழுதியிருக்கும் டார்க்குக்கு (முறுக்கு விசை அளவுக்கு) இறுக்குங்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். பக்க போல்ட்டுகள் இறுகிய பின் மூடியை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை.

ஹேண்டில்பாரைப் பின்பக்கம் அதிகமாக உருட்டி வைத்தால் முழங்கை தாழ்ந்து, பாரமும் பின்னால் போகும். சில மி.மீ. முன்னால் உருட்டினாலே வித்தியாசம் தெரியும். பிரேக் லீவரைச் சற்றுத் தட்டையாக்கி, ஆட்காட்டி விரலின் முதல் கணு லீவரின் நுனி வளைவில் அமரும்படி உள்ளே நகர்த்துங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும் ஒரே பாதைத் துண்டில் மூன்று முறை ஓட்டுங்கள். பழைய கிளிக் எண்ணையும் காற்றின் அளவையும் போனில் குறித்து வையுங்கள், பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போக அதுதான் வழி.