மை கக்காத மலிவு பேனா: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

மைப்பேனா சேர்க்கப் பெரிய பணம் தேவையில்லை. கேமலின், ஹீரோ என்று சில நூறு ரூபாய்க்குள்ளேயே ஒரு டப்பா நிறையச் சேர்த்துவிடலாம்.

முதலில் ஒன்றே ஒன்று வாங்குங்கள், நிப் முழுதாக வெளியே தெரிகிற மாதிரி. ஹீரோ 616 பேனா, பார்க்கர் 51 என்ற பழைய பேனாவின் சாயலில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நிப் கூட்டுக்குள் ஒளிந்திருப்பதால் கோளாறு வந்தால் கண்ணுக்குத் தெரியாது. கடையிலேயே நிப்பின் முனையை உற்றுப் பாருங்கள். நடுப்பிளவின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தால் தாளைக் கீறும்.

வீட்டுக்கு வந்ததும் மை ஊற்ற அவசரப்படாதீர்கள். செய்யும்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை உள்ளே இருக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு அலசி, அப்புறம் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம்.

மைப்பேனாவுக்கான மை மட்டும் ஊற்றுங்கள். ஓவியர்களின் இந்தியன் இங்கில் பெரும்பாலும் அரக்கு இருக்கும். உள்ளே காய்ந்தால் பேனா போச்சு. பல ராயல் ப்ளூ மைகள் தண்ணீர் பட்டால் கரையும், அதனால் காசோலைக்கு ஆகாது. ஊற்றியதும் நிப்பைக் கீழ்நோக்கிச் சில நிமிடம் வைத்தால் மை தானாக இறங்கும். எழுதும்போது அழுத்தவே கூடாது. பால்பாயிண்ட் பழக்கம் போகச் சில நாள் ஆகும்.

சரி, மை கக்குவதற்கு வருவோம். ஃபில்லரால், அதாவது சொட்டுக்குழாயால், நேராக உடலுக்குள் மை ஊற்றும் பேனாவில் மை குறையக் குறைய அந்த இடத்தில் காற்று சேர்கிறது. கைச்சூட்டில் அது விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. பள்ளியில் சட்டைப்பை நீலமானபோதெல்லாம் பேனாவைத் திட்டினேன்; தப்பு என் மேல்தான், அடியில் கொஞ்சம் மையோடு நாள் முழுக்க ஓட்டுவேன். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையுமுன் நிரப்பிவிடுங்கள். கழுத்து மரையில் துளி சிலிக்கோன் கிரீஸ் தடவினால் அங்கேயும் கசியாது.

இரண்டு மூன்று பேனாவில் மட்டும் மை இருக்கட்டும். மற்றவற்றைக் கழுவி, நிப் கீழாக டிஷ்யூ தாளில் ஓர் இரவு நிறுத்துங்கள். காலையில் தாளில் நீலம் தெரிந்தால் இன்னொரு முறை கழுவ வேண்டும்.